பைத்தன் புதுசு, நூலகம் பழசு: ஓடாமல் நின்ற ஒரு எழுத்துரு மாற்றியின் கதை

கிளிநொச்சியில் ஒரு அச்சகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவன் இரவு ஒன்பது மணிக்குக் கோல் எடுத்தான்.

"அண்ணை, உங்கட கொன்வேட்டர் ஓடுதில்லை. நாளைக்குக் காலமை மலர் அடிக்கக் குடுக்கோணும்."

"என்ன மாத்தினனீ?"

"ஒண்டும் மாத்தேல்லை. லப்ரொப் புதுசு, அவ்வளவுதான்."

நான் எழுத வந்த விஷயம் முழுக்க அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

முதலில் அந்த கொன்வேட்டர் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பது வழக்கம். அச்சகங்களில் அந்த மலர்கள் பல காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் பல்லிளிக்கும். அதை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்ற 2017-இல் நான் பைத்தன் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நூலகம் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தையும் அட்டவணை பார்த்து மாற்றுவது எளிது. கொம்புதான் தலைவலி. பாமினியில் 'கெ' எழுதக் கொம்பை முதலில் தட்ட வேண்டும், யுனிகோடில் அது ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். ஆகவே இடம் மாற்றிப் போட வேண்டும்.

இங்கே நூலகம் என்பது லைப்ரரி: ஒருவர் எழுதி வைத்த செய்நிரலைப் பலர் தங்கள் செய்நிரலுக்குள் அழைத்துப் பயன்படுத்தும் தொகுப்பு. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்த பிள்ளைகள் 'இம்போர்ட்' என்ற சொல்லைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது அநேகமாக யாரோ ஒருவரின் நூலகம். (கட்டளைகளை இங்கே ஒலிப்பாகத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

தம்பியின் பழைய மடிக்கணினியில் இருந்தது பைத்தன் 3.8. புதியதில் அவன் போட்டது 3.13. என் நூலகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் அது நிற்கும் நிலம் மாறிவிட்டது. என் செய்நிரல் பைத்தனோடு சேர்ந்து வரும் பல மொடியூல்களை, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் செய்நிரல் துண்டுகளை, நம்பி எழுதப்பட்டது. பைத்தன் அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் என் வீட்டுச் சுவர் விழும். ஒரு நூலகத்தைப் புதிய பதிப்புக்கு ஒத்துப்போக வைப்பது என்றால், எந்தச் சுவர் எதில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, எடுக்கப்பட்டதற்குப் பதிலாக வேறொன்றை முட்டுக் கொடுப்பது. பழைய பதிப்பில் இன்னும் இருப்பவர்களுக்கும் அது ஓட வேண்டும், அதுதான் வேலையைச் சற்றுக் கடினமாக்குகிறது.

தம்பி அனுப்பிய போட்டோவில் பிழைச் செய்தி தெளிவாக இருந்தது: 'இம்ப்' என்ற பெயரில் மொடியூல் எதுவும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த இம்ப் மொடியூலைக் கைவிடப் போகிறோம் என்று பைத்தன் 3.4 வந்த 2014-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டார்கள். நான் நூலகத்தை எழுதியது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. உண்மையில் எடுத்தது 3.12-இல், 2023 ஒக்டோபரில். ஒன்பது ஆண்டு அவகாசம் தந்திருக்கிறார்கள்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இது பழகிய நடைமுறை. சிறுபோகம் தொடங்க முன்பே கூட்டம் வைப்பார்கள். குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதி தண்ணீர் திறப்பது, எந்தத் திகதியோடு நிறுத்துவது எல்லாம் அங்கே முடிவாகும். கூட்டத்துக்குப் போகாமல், மூன்று மாத நெல் விதைக்க வேண்டிய இடத்தில் நாலு மாத நெல்லை விதைத்துவிட்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கிறதே என்று குளத்தைத் திட்டினால் யார் கேட்பார்கள்? அன்றிரவு நான் அந்த ஆள்தான்.

பைத்தனுக்கும் அப்படி ஒரு நாட்காட்டி உண்டு. 2020-இல் வந்த 3.9 தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. எங்கள் ஊரில் காலபோக விதைப்பு நடக்கும் அதே ஐப்பசிக் காலம், ஆகையால் எனக்கு மறப்பதில்லை. மே மாதத்தில் முதல் பீட்டா, அதாவது சோதித்துப் பார்ப்பதற்கான முன்வெளியீடு, வெளியாகும். அதற்குப் பிறகு புதிய வசதி எதுவும் சேர்க்க மாட்டார்கள், வழுக்களைத் திருத்துவது மட்டும்தான். ஆகவே மே முதல் ஒக்டோபர் வரை நூலகம் எழுதியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் கிடைக்கிறது, வரப்போகும் பதிப்பில் தங்கள் செய்நிரலை ஓட்டிப் பார்க்க. ஒரு பதிப்பு வெளிவந்தால் அதற்கு ஐந்து ஆண்டு ஆயுள். 2019-இல் வந்த 3.8-க்குப் பாதுகாப்புத் திருத்தம்கூட 2024 ஒக்டோபரோடு நின்றுவிட்டது. எதையாவது எடுக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு பதிப்புகளிலாவது எச்சரிக்கை தந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது பொதுவிதி.

ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்கலாம். பராமரிக்க ஆளில்லாத பழைய மொடியூல் ஒவ்வொன்றும் ஒரு பாதுகாப்பு ஓட்டையாக மாறக்கூடும். 3.13-இல் மட்டும் 19 மொடியூல்களை ஒரேயடியாக எடுத்தார்கள். டெல்நெட்லிப், சிஜிஐ, கிரிப்ட் எல்லாம் அதில் அடக்கம். இணையம் தவழ்ந்து திரிந்த காலத்துச் சாமான்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

சரி, இவ்வளவு முன்னறிவித்தல் தந்தும் எனக்கு ஏன் தெரியவில்லை? அந்த எச்சரிக்கைகள் வழக்கமாகத் திரையில் தெரியாது, அதுதான் காரணம். 'டெப்ரிகேஷன் வோர்னிங்' என்ற, கைவிடப் போகிறோம் என்று சொல்லும் வகை எச்சரிக்கை, நீங்கள் நேரடியாக ஓட்டும் கோப்பில் எழுந்தால் மட்டும் காட்டப்படும். இம்போர்ட் செய்யப்பட்ட நூலகத்துக்குள் எழுந்தால் பைத்தன் அதை மறைத்துவிடும். அச்சகத்துத் தம்பிக்கு அதைக் காட்டி என்ன பயன், அவனால் என் நூலகத்தைத் திருத்த முடியாதே என்பது அவர்கள் நியாயம். நியாயம்தான். ஆனால் நூலகம் எழுதியவனும் பார்க்காவிட்டால் பிறகு யாருமே பார்ப்பதில்லை. தம்பியின் பழைய 3.8-இல் ஒவ்வொரு தடவை என் கொன்வேட்டர் ஓடியபோதும் இரண்டு எச்சரிக்கைகள் எழுந்து, சத்தமில்லாமல் அடங்கிப்போயிருக்கின்றன.

அவற்றைக் காண்பது மிக எளிது. பைத்தன் என்று தட்டி, ஒரு கழித்தற்குறியும் பெரிய டபிள்யூவும் போட்டு, இடைவெளி விட்டு 'டிஃபோல்ட்' என்று எழுதி, அதன் பிறகு உங்கள் கோப்பின் பெயரைக் கொடுங்கள். மறைந்திருந்ததெல்லாம் வரி எண்ணோடு வெளியே வரும். 'டிஃபோல்ட்' இருக்கும் இடத்தில் 'எரர்' என்று போட்டால் எச்சரிக்கை ஒவ்வொன்றும் பிழையாக மாறி ஓட்டத்தை நிறுத்திவிடும். அது கண்டிப்பான வாத்தியார். நீங்கள் பயன்படுத்தும் மற்றவர்களின் நூலகங்களில் இருக்கும் குற்றத்துக்கும் உங்களை நிறுத்தும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலாவதோடு நிற்கலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவுக்கு வருவோம். நானும் என் கணினியில் 3.13 போட்டேன். இம்ப் மொடியூலை நான் பயன்படுத்தியது எழுத்து அட்டவணையை ஒரு பைத்தன் கோப்பாக வெளியே வைத்து உள்ளே ஏற்றுவதற்கு. அதற்குப் பதிலாக 'இம்போர்ட்லிப்' இருக்கிறது, மூன்று நான்கு வரியில் அதே வேலையைச் செய்யலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், எந்த எழுத்துக்கு எந்த எழுத்து என்ற ஒரு பட்டியல் ஏன் செய்நிரலாக இருக்க வேண்டும்? அதை ஜேசன் என்ற வெறும் தரவுக் கோப்பாக மாற்றினேன். இம்ப் போன இடமே தெரியவில்லை. பழையதற்கு ஈடு தேடும்போது, அந்த வேலை தேவைதானா என்று ஒருமுறை கேட்பது நல்லது.

ஓட்டினேன், அடுத்த பிழை. 'கலெக்‌ஷன்ஸ்' மொடியூலிலிருந்து 'மேப்பிங்' என்ற பெயரை எடுக்க முடியவில்லை. பைத்தன் முதற்பிழையிலேயே நின்றுவிடும், ஆகையால் ஒன்றைத் திருத்தினால்தான் அடுத்தது முகம் காட்டும். மேப்பிங் 2012-இல் வந்த 3.3-இலேயே 'கலெக்‌ஷன்ஸ் டொட் ஏபிசி' என்ற புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது. பழைய விலாசத்திலும் 3.9 வரை கடிதம் கிடைத்துக்கொண்டிருந்தது, 3.10-இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு வரியில் 'டொட் ஏபிசி' சேர்த்தேன், முடிந்தது. இந்த மாதிரி இடங்களில் பழைய பதிப்பை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை, ஏனென்றால் புது விலாசம் 3.3 முதல் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது.

என் கணினியில் இம்போர்ட் பிழை எதுவும் இல்லை. மேற்கொண்டு ஓட்டிப் பார்க்காமலே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி கோல்.

"அண்ணை, வேற ஏதோ சொல்லுது. டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லையாம்."

"என்ர லப்ரொப்பிலை ஓடுதே தம்பி!"

இந்த வசனத்தைச் சொல்லாத செய்நிரலாளர் உலகத்தில் இல்லை. நடந்தது இதுதான். அட்டவணைக் கோப்பின் பதிப்பு எண்ணை ஒப்பிட 'டிஸ்ட்யூட்டில்ஸ்' மொடியூலுக்குள் இருந்த 'லூஸ்வெர்சன்' என்ற சாமானைப் பயன்படுத்தியிருந்தேன். டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் 'செட்டப்டூல்ஸ்' என்ற வேறொரு நூலகம் தனக்குள் அதன் ஒரு பிரதியை வைத்திருக்கிறது. அது நிறுவப்பட்ட கணினியில் டிஸ்ட்யூட்டில்ஸ் இருப்பதுபோலவே எல்லாம் நடக்கும். என் கணினியில் வேறு ஏதோ வேலைக்காகச் செட்டப்டூல்ஸ் கிடந்தது. தம்பியின் புதுக் கணினியில் இல்லை. ஆகவே என் வீட்டில் பேய் நடமாடியது, அவன் வீட்டில் பிணம்தான் கிடந்தது.

இதனால்தான் புதிய பதிப்பில் சோதிக்கும்போது வெறுமையான மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் உங்கள் நூலகத்தை மட்டும் நிறுவிப் பார்க்க வேண்டும். பாவித்துப் பழகிய கணினி உண்மை சொல்லாது. லூஸ்வெர்சனுக்குப் பதிலாகப் 'பக்கேஜிங்' என்ற நூலகத்தில் 'வெர்சன்' இருக்கிறது, அதைப் போட்டேன்.

கடைசியாக வந்த பிழைதான் என்னைச் சிரிக்க வைத்தது. தம்பியின் திரையில் நானே எழுதிய செய்தி ஒன்று: "மன்னிக்கவும், பைத்தன் 3.6 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை." அவனிடம் இருந்ததோ 3.13. நான் பைத்தனின் பதிப்புப் பெயரில் முதல் மூன்று குறிகளை வெட்டியெடுத்து 3.6 என்பதோடு ஒப்பிட்டிருந்தேன். 3.8 வரை அதில் குற்றம் இல்லை. 3.13-இன் முதல் மூன்று குறி என்ன? மூன்று, புள்ளி, ஒன்று. 3.1! வெட்டாமல் முழுவதையும் எழுத்தாக ஒப்பிட்டாலும் இதே கதிதான். எழுத்து வரிசையில் ஒன்று ஆறுக்கு முன்னால் வரும், ஆகவே 3.13 சின்னது, 3.6 பெரியது என்றாகிவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்தது பத்தாம் வகுப்பு என்று பிள்ளைக்குத் தெரியும், எழுத்தாகப் படிக்கும் கணினிக்குத் தெரியாது. பைத்தனே 'வெர்சன் இன்ஃபோ' என்ற பெயரில் பதிப்பைத் தனித்தனி எண்களாகத் தருகிறது. அதை (3, 6) என்ற இரட்டையோடு ஒப்பிட்டால் 13 ஆறைவிடப் பெரியது என்று சரியாகச் சொல்லும். உங்கள் நூலகத்தில் பதிப்பை ஒப்பிடும் இடம் எங்கேயாவது இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

அது இரவோடு இரவாகச் செய்த ஒட்டுவேலை. ஆறுதலாக இருந்து செய்வதென்றால் முதலில் சோதனைகள் வேண்டும். 'கொடிகாமம்' என்று பாமினியில் கொடுத்தால் யுனிகோடில் 'கொடிகாமம்' வருகிறதா என்பதுபோன்ற ஐம்பது சோதனைகள் இருந்தால், பைத்தனை மாற்றிவிட்டு ஒரு கட்டளை கொடுத்தால் போதும். சோதனைகளை ஓட்டும் 'பைடெஸ்ட்' கருவியைப் பயன்படுத்தினால் மறைந்திருக்கும் எச்சரிக்கைகளையும் கடைசியில் பட்டியலாகத் தரும். என்னிடம் சில சோதனைகள் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், அவையே 3.12 முதல் ஓடவில்லை. 'அசெர்ட் ஈக்குவல்ஸ்' என்று கடைசியில் ஒரு எஸ் சேர்த்து எழுதியிருந்தேன். அந்தப் பழைய பெயரை 3.12-இல் எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது, ஒவ்வொரு பதிப்போடும் வரும் 'புதிதாக என்ன' என்ற ஆவணம். அதில் புது வசதிகளை எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் கீழே இறங்கி, எவை எடுக்கப்பட்டன, எவை கைவிடப்படப் போகின்றன என்ற பகுதிகளுக்குப் போங்கள். ஏ9 வீதியில் போகும் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றுதான் போகும். அதுபோல அந்த இரண்டு பகுதியிலும் நிற்காமல் பதிப்பைக் கடக்காதீர்கள். அங்கிருக்கும் பெயர்களை உங்கள் செய்நிரலில் தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

பெயரைக் கண்டுபிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடவும் கூடாது. உதாரணமாக, 'யுடிசி நவ்' என்ற செயற்கூறு 3.12 முதல் எச்சரிக்கை தருகிறது. அது கிரீன்விச் நேரத்தைத் தரும், ஆனால் இது எந்த வலய நேரம் என்ற குறிப்பைத் தராது. எச்சரிக்கையைக் கண்டதும் யாராவது அதை வெறும் 'நவ்' என்று மாற்றினால் எச்சரிக்கை போய்விடும், கூடவே பதிவாகும் நேரமெல்லாம் இலங்கைக் கணினியில் ஐந்தரை மணி நேரம் கூடிவிடும். சரியான வழி 'நவ்' செயற்கூறுக்குள் யுடிசி வலயத்தைக் கொடுப்பது. அதிலும் ஒரு பொறி உண்டு. வலயம் குறிக்கப்பட்ட நேரத்தையும் குறிக்கப்படாத பழைய நேரத்தையும் எது முந்தியது என்று ஒப்பிட்டால் பைத்தன் மறுத்துப் பிழை தரும். ஆகவே இதை மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். பிழை தந்து நிற்கும் மாற்றம் பரவாயில்லை, எனக்குப் பயம் சத்தமில்லாமல் வேறு விடை தரும் மாற்றத்தில்தான். அதைப் பிடிக்கச் சோதனையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

ஆயுள் முடியாத ஐந்து பதிப்பையும் கணினியில் நிறுவிச் சோதிக்க வேண்டுமா? விண்டோஸில் பல பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், 'பை' கட்டளைக்குப் பின் கழித்தற்குறி போட்டு 3.11 அல்லது 3.13 என்று எழுதினால் அது ஓடும். ஆனால் போன் டேட்டாவில் ஹொட்ஸ்பொட் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு என் ஆலோசனை, செய்நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் அக்‌ஷன்ஸ். நீங்கள் செய்நிரலை மட்டும் ஏற்றினால் போதும், எல்லாப் பதிப்பிலும் அவர்களுடைய கணினியில் ஓட்டி விடை சொல்லும். பொதுவில் திறந்து வைத்த நூலகத்துக்குக் காசும் இல்லை. ஒரேயொரு கவனம்: அமைப்புக் கோப்பில் பதிப்பு எண்களை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வெறுமனே 3.10 என்று எழுதினால் அதைத் தசம எண்ணாக எடுத்து 3.1 ஆக்கிவிடும். மறுபடி அதே பத்தாம் வகுப்புக் கதை.

சி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட பகுதி உள்ள நூலகங்கள், நம்பை, பாண்டாஸ் போன்றவை, வேறு சாதி. அவற்றுக்கு ஒவ்வொரு பைத்தன் பதிப்புக்கும் முன்கூட்டியே தொகுக்கப்பட்ட 'வீல்' கோப்பு வேண்டும். புதிய பைத்தன் வந்த முதல் நாளில் நீங்கள் தேடும் நூலகத்துக்கு அது இல்லாவிட்டால், நூலகங்களை நிறுவித் தரும் 'பிப்' கருவி, மூலச் செய்நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே தொகுக்கப் பார்க்கும். அதற்கான கருவிகள் இல்லாமல் நீண்ட பிழைச் செய்தியோடு நிற்கும். அப்படி நின்றால் உங்கள் பிழை அல்ல. சில வாரம் பொறுத்திருங்கள், அல்லது முந்தைய பதிப்பில் இருங்கள்.

வெளியிடும்போது நூலகத்தின் விவரக் கோப்பில் எந்தப் பைத்தன் முதல் ஓடும் என்று எழுத வேண்டும். நான் 3.9 முதல் என்று போட்டேன். 3.8-இல் இருப்பவர்கள் பிப் மூலம் நிறுவினால் அவர்களுக்குப் பொருந்தும் பழைய வெளியீட்டை அது தானாகவே எடுத்துக் கொடுக்கும், யாரும் நடுத்தெருவில் நிற்க மாட்டார்கள். ஆனால் 3.14-க்குக் கீழே மட்டும் என்று மேல்வரம்பு போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். வரம்பு போட்டால் புதிய பைத்தன் வைத்திருப்பவருக்குப் பிப் இந்த வெளியீட்டைத் தள்ளிவிட்டு, வரம்பே போடாத உங்கள் பழைய, ஓட்டை நிறைந்த வெளியீட்டைத் தேடிப்பிடித்து நிறுவும். இருப்பதைவிட மோசம்.

இரவு பன்னிரண்டரைக்குத் தம்பியின் கணினியில் ஓடியது. காலையில் மறுபடி கோல்.

"எல்லாம் நல்லா வந்திருக்கு அண்ணை. ஆனா 'ஸ்ரீ' மட்டும் வருகுதில்லை. ஐயாவின்ர பேர் ஸ்ரீஸ்கந்தராசா."

அதற்குப் பைத்தன் பொறுப்பல்ல. அந்த எழுத்தை நான் 2017-இலும் அட்டவணையில் போட்டிருக்கவில்லை.